மாப்பிள்ளை ஒட்டிய பச்சை வட்டம்

றஸாக் என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு கக்கூஸ் வாசலில். சுனாமி வந்து இரண்டு கிழமை கழிந்திருக்கும். கடற்கரையில் வீடு வளவு எல்லாம் போய், உடுத்த உடுப்போடு ஓடிய நாங்கள் சம்மாந்துறையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தோம். என் உம்மாவின் தங்கச்சியான சாச்சியின் மகள் செய்னம்புவும் அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் என்னோடுதான் ஒரு வகுப்பறையில் படுத்தார்கள். மூத்தவள் றுகையா, இளையவள் உம்மு. செய்னம்புவின் புருசன் அன்று காலையில் தோணி இழுக்கப் போனவர். வரவில்லை.

அன்றைக்கு றுகையா கையில் வாளியோடு கக்கூஸ் வரிசையில் நின்றுகொண்டு சத்தம் போட்டாள்.

"றஸாக் என்டு செல்ற ஆள் ஆரு? இஞ்ச வரட்டும்."

மெலிந்த பொடியன் ஒருவன் வந்தான். கையில் ஒரு துண்டுச் சோக்.

"இந்தக் கதவில 'நேற்றையிலும் நல்லம்' என்டு எழுதின நீங்களா?"

"ஓம், நான்தான்."

"உள்ளுக்குப் போய்ப் பார்த்தீங்களா?"

"பார்த்தன். நேத்துத் தண்ணி இல்ல. இன்டைக்கி இருக்கி."

"தண்ணி வாளிக்குள்ள இருக்கி. வாளி என்ட வாளி."

"அப்ப வாளி வந்ததும் நல்லம்தானே."

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்கு முதல் யாரும் சிரித்து நான் கேட்கவில்லை.

றஸாக்கும் எங்கள் ஊர்தான், ஆனால் வடக்குப் பக்கம். மண்மேட்டில் அவனுடைய உம்மாவின் வீடு. கடல் அங்கே ஏறவில்லை. கடலுக்குப் போயிருந்த வாப்பா மட்டும் திரும்பவில்லை. அவன் வீட்டில் இருக்க மாட்டாமல் முகாமுக்கு வேலை செய்ய வந்தவன். தண்ணீர்த் தாங்கி, சமையல் கொட்டில், கக்கூஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, நேற்றைக்கு எப்படி, இன்றைக்கு எப்படி என்று கதவிலும் தூணிலும் சோக்கால் எழுதிக்கொண்டு திரிவான். முக்கால்வாசி இடத்தில் நேற்றையிலும் நல்லம் என்றுதான் இருக்கும். ஒருவர் இரண்டு பேர் அவனுக்கு மண்டை குழம்பிவிட்டது என்றார்கள். இருக்கலாம். ஆனாலும் அந்த நாட்களில் ஒரு ஆள் வந்து நேற்றையிலும் நல்லம் என்று சொன்னால், பாதி பொய்யாக இருந்தாலும், கேட்கச் சுகமாகத்தான் இருந்தது.

றுகையா தினமும் அவன் எழுதியதை அழிப்பாள். அவன் தினமும் எழுதுவான். அழிக்கப் போகிறவளும் எழுதப் போகிறவனும் ஒரே நேரத்துக்குப் போகத் தொடங்கியதை முதலில் கண்டவள் செய்னம்பு. அடுத்த நோன்புக்கு முன்னே காவின் எழுதிக் கலியாணம் முடிந்தாயிற்று. இதுவரை அவனை அவன் என்று சொன்னேன். இனி எங்கள் வீட்டு மாப்பிள்ளை, ஆகவே அவர்.

எங்களுக்கு வீடு கொடுத்தது ஊருக்கு மேற்கே, வயலை நிரப்பி எடுத்த காணியில். குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். குலுக்கலுக்கு யார் யாருக்குச் சொந்தம் என்று தெரியுமா? செய்னம்புவுக்கு ஒரு மூலை, அவளுடைய தங்கச்சிக்கு ஒரு மூலை, எனக்கு வேறொரு மூலை. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு. சகோதரிமார் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள், ஆண்பிள்ளைதான் கலியாணம் முடித்து மனைவி வீட்டுக்கு வருவான். அதனால் நாங்கள் எங்களுக்குள்ளே வீட்டுத் திறப்புகளைக் கொடுத்து வாங்கி, வீட்டை மாற்றிக்கொண்டோம். கொஞ்ச நாளில் ஒரு ஒழுங்கையின் இரண்டு பக்க வீடுகள் முழுக்க ஒரு வயிற்றுப் பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும். சரிபார்க்க வந்த உத்தியோகத்தர் வீடு வீடாகப் போய்ப் பெயர் கேட்டு, ஒன்றும் ஒத்து வராமல், ஒரு தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அப்படி றஸாக் செய்னம்புவுக்கு மட்டுமல்ல, முழு ஒழுங்கைக்கும் மாப்பிள்ளை. மீன் ஆக்கினால் நடுத்துண்டு அவருக்கு. அவர் வருகிற சத்தம் கேட்டால் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போவார்கள். செய்னம்பு பழைய ஆள். மருமகனோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை கதைக்க மாட்டாள். அவருக்குச் சொல்ல வேண்டியது இருந்தால், திரைச்சீலைக்குப் பின்னால் நின்று முற்றத்துக் கோழியிடம் சொல்வாள்.

"கோழி, வெளியில மழ இருட்டுது. கொட ஒண்டு எடுத்துட்டுப் போனா நல்லம்."

றஸாக் குடையை எடுத்துக்கொள்வார். கோழி குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும்.

சுனாமிக் குப்பை அள்ளப் பிரதேச சபை ஆள் எடுத்தபோது றஸாக் போனார். பிறகு அவருடைய கையெழுத்து நல்லது என்று சபைக் கந்தோருக்குள் எழுத்து வேலைக்கு எடுத்தார்கள். அங்கே பெரிய கிளாக்கர் நல்லரெத்தினம், பக்கத்து ஊர் காரைதீவுத் தமிழ் ஆள், பகிடிக்காரர். இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை.

அந்தக் காலத்தில் ஏதோ ஒரு திட்டம் வந்தது. சபை மாதாமாதம் முன்னேறுகிறதா என்று பார்க்கிற திட்டம். அதைப் பழக்க வந்தவர் கஜேந்தினி மிஸ், திருக்கோயில் என்ற ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, படித்த பிள்ளை. அவர் எல்லோரையும் இருத்திச் சொன்னாராம்: முன்னேற்றம் என்பது ஒரு நாளில் கட்டிமுடித்து நாடா வெட்டுகிற கட்டடம் இல்லை, போன மாதத்திலும் இந்த மாதம் கொஞ்சம் நல்லமாக இருக்க வேண்டும், அதை விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதைக் கேட்டு றஸாக்குக்குக் கண் கலங்கியதாக நல்லரெத்தினம் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தார். கலங்காமல் என்ன செய்யும். சோக்கோடு திரிந்த நாளில் மண்டை குழம்பியவன் என்றார்கள், இப்போது அதையே ஒரு மிஸ் வந்து மேசை போட்டுச் சொல்கிறார்.

சுவர் முழுக்க ஒரு பலகை அடித்தார்கள். ஊரின் ஒழுங்கைகளின் பெயர் ஒன்றன்கீழ் ஒன்று. ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு கடதாசி வட்டம். அந்த ஒழுங்கையிலிருந்து முறைப்பாடு நிறைய வந்தால் சிவப்பு, கொஞ்சம் வந்தால் மஞ்சள், வராவிட்டால் பச்சை. முதல் கிழமையே சண்டை. ஒரு மெம்பர் பச்சை எந்தக் கட்சிக்கு என்று கேட்டார். இன்னொருவர் தன் வட்டாரத்துக்குச் சிவப்பு ஒட்டினால் அடுத்த தேர்தலில் தான் எந்த முகத்தோடு போவது என்றார். அது தெருவில் வாகனத்துக்குப் போடுகிற விளக்கு மாதிரி என்று மிஸ் விளங்கப்படுத்தினார். அப்படி ஒரு விளக்கை எங்கள் ஊரில் அப்போது யாரும் கண்டதில்லை.

முறைப்பாட்டு ஜன்னலில் இருப்பதும் வட்டம் ஒட்டுவதும் றஸாக்கின் வேலை. ஒட்டி ஒட்டிப் பலகை பச்சையாகிக்கொண்டே வந்தது. ஊர் அவருக்குப் பச்சை றஸாக் என்று பெயர் வைத்தது. மாவட்டத்தில் நல்ல சபைக்குக் கேடயம் கொடுக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட சபையின் தலைவர், தவிசாளர், வந்தவன் போனவனையெல்லாம் பலகைக்கு முன்னால் நிறுத்திப் படம் பிடித்தார். றஸாக்கும் படத்தில் ஓரமாக நிற்பார், சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டிக்கொண்டு.

இனி எங்கள் ஒழுங்கையின் கதை. வயல் என்ன, மேலே மண் போட்டால் தான் வயல் என்பதை மறந்துவிடுமா? மாரி தொடங்கினால் தண்ணீர் வந்து நிற்கும். வடிய வழியில்லை, தண்ணீர் ஓடுகிற கான் ஒன்றும் வெட்டவில்லை. அடுப்படிக்குள் தவளை. கோழி கூரையில். றஸாக் காலையில் சாரத்தை மடித்துக் கட்டி, செருப்பைக் கையில் பிடித்து, காற்சட்டையை ஷொப்பிங் பேக்கில் போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து கந்தோருக்குப் போவார். அங்கே காலைத் துடைத்து, காற்சட்டை மாற்றி, எங்கள் ஒழுங்கைக்கு நேரே பச்சை வட்டம் ஒட்டுவார்.

"தம்பி, உங்கட கால்ல சேறு இன்னும் காயல்ல," என்பாராம் நல்லரெத்தினம்.

"என்ட கால் முறைப்பாடு தந்த இல்லயே ஐயா."

அதுதான் விசயம். எங்கள் ஒழுங்கையிலிருந்து ஒரு முறைப்பாடும் போகவில்லை. எப்படிப் போகும்? ஜன்னலில் இருப்பவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளையிடம் போய் உங்கட சபை சரியில்ல என்று சொன்னால், நாளைக்கு அவருடைய உம்மா வீட்டார் என்ன நினைப்பார்கள்? பெண் கொடுத்த இடத்தில் பிள்ளைக்கு மரியாதை இல்லை என்று நினைக்க மாட்டார்களா? நாங்கள் தண்ணீரை வாளியால் இறைத்தோம், வாயைத் திறக்கவில்லை. செய்னம்பு மட்டும் கோழியிடம் கதைத்தாள்.

"கோழி, நீயும் நீந்திற தாராவாப் பொறந்திருந்தா இந்த ஊட்டுல ராசாத்தி."

றஸாக்குக்குக் கேட்கும். கறிக்குப் புளி போதும் என்று றுகையாவிடம் சொல்லிவிட்டு எழும்பிப் போவார்.

அவருடைய உம்மாவின் ஒழுங்கை வேறு மாதிரி. அங்கே அவர் மாப்பிள்ளை இல்லை, தம்பி. மூத்த சகோதரி றஹீமாவுக்கு அந்த ஜன்னல் தன் வீட்டு ஜன்னல்.

"டேய் றஸாக்கு, எங்கட ரோட்டு லைட்டு கண்ணடிக்குது, என்னண்டு பாரு."

"ராத்தா, நேத்துத்தானே ஆள் அனுப்பின."

"அவன் வந்து ஏணிய வெச்சிட்டுப் போயிட்டான். அந்த ஏணியும் ஒரு முறைப்பாடு. எழுது."

நாய் குரைத்தால் முறைப்பாடு, குப்பை டிரெக்டர் ஹோர்ன் அடிக்காமல் போனால் முறைப்பாடு, அடித்துக்கொண்டு போனால் பிள்ளை எழும்பிவிட்டது என்று முறைப்பாடு. அந்த ஒழுங்கை எப்போதும் சிவப்பு. தவிசாளர் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னார், "உன்ட உம்மாட ஒழுங்கைதான் என்ட பலகைய நாசமாக்குது. என்ன வேணுமாம் அவங்களுக்கு?" என்ன வேணும் என்று றஹீமாவிடம் கேட்டார்கள். எல்லாம் கேட்டு முடித்திருந்த றஹீமா யோசித்துவிட்டு, கான் என்றாள். அந்த வருசம் சபை கட்டிய ஒரே கான் மண்மேட்டில் கட்டியாயிற்று. விழுகிற மழையை மணல் அந்த இடத்திலேயே குடித்துவிடும். அந்தக் கானில் தண்ணீர் ஓடி இதுவரை யாரும் கண்டதில்லை. றஹீமாவின் ஆட்டுக்குட்டிகள் வெயிலுக்கு உள்ளே படுக்கும். ஒழுங்கை பச்சையானது.

எங்கள் பக்கத்துக்கும் இது தெரிய வந்தது. மாப்பிள்ளைக்கு வைக்கிற நடுத்துண்டு மீன் வால்துண்டானது.

அந்த மாரியில்தான் உம்முவுக்குச் சம்மாந்துறையிலிருந்து கலியாணம் பேசி வந்தது. பொடியன் அரிசி ஆலையில் மெசின் பார்க்கிறவன், நல்ல குணம் என்று விசாரித்திருந்தோம். உம்முவுக்கும் பிடித்துப் போயிற்று. றுகையாவுக்கு அதே வளவில் ஒரு சின்ன வீடு கொடுத்தாயிற்று, செய்னம்பு இருக்கிற வீட்டை உம்முவுக்குக் கொடுப்பதாகப் பேச்சு. வீடு பார்க்க வந்த பொடியனின் உம்மா வேனிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தார். அந்தக் கால் கணுக்கால் வரை போயிற்று. அடுத்த காலை வைக்காமல், இருந்த இடத்திலிருந்தே வீட்டைப் பார்த்தார்.

"வயல் எங்களிட்டயும் இருக்கி மச்சி," என்றார் செய்னம்புவிடம், பதமாகத்தான். "ஆனா அதுக்குள்ள நாங்க படுக்கிறல்ல. என்ட மகன் வந்து இருக்கப் போற ஊடு. அடுத்த மாரிக்கும் வந்து பார்ப்பன். தண்ணி நிண்டா மனசில ஒண்டும் வெச்சிக்காதீங்க. வேற எடத்திலயும் கேக்காங்க."

வேன் பின்னுக்கே போயிற்று. உம்மு இரண்டு நாள் சோறு தின்னவில்லை.

அன்று பின்னேரம் றஸாக் வந்ததும் றுகையா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். நான் பக்கத்து வளவில் நின்றேன். வேலிதானே, எல்லாம் கேட்டது.

"ஒங்கட பலகையில எங்கட ஒழுங்கை என்ன நெறம்?"

"பச்சை."

"இந்தத் தண்ணி என்ன நெறம்?"

அவர் குனிந்து பார்த்தார். "கொஞ்சம் காவி."

"பகிடி விடாதீங்க. நாளைக்கே சிவப்ப ஒட்டுங்க. ஒட்டினாத்தானே கான் வரும்."

"நான் எப்படி ஒட்டுற? ஆரும் வந்து முறைப்பாடு செல்லோணும். கணக்கெழுதிற ஆள் தன்ட ஊட்டுக்குத் தானே எழுதினா அது களவு."

"அப்ப நான் வந்து செல்றன்."

"நீ என்ட பொஞ்சாதி. அதும் நான் எழுதின மாதிரித்தான்."

"ஒங்கட ராத்தா மட்டும் வந்து செல்லலாம்?"

"அவ செல்லாட்டித்தான் அதிசயம்."

"அந்தக் கேடயம் கிடைச்சா அதுல உம்முவ ஏத்திக் கரைக்குக் கொண்டு போங்க," என்று சொல்லிவிட்டு றுகையா உள்ளே போனாள். றஸாக் தண்ணீரில் நின்றார். நேர்மை பாதி, கேடயம் பாதி, இரண்டும் சேர்ந்து அவரை அந்த இடத்தில் நட்டு வைத்திருந்தன. பச்சை றஸாக் என்ற பெயரை விட அவருக்கு மனம் வரவில்லை என்பது எனக்கு விளங்கியது. ஆனால் அடுத்த மாரிக்கு முன் கான் வராவிட்டால் உம்முவின் கலியாணம் இல்லை என்பது அவருக்கும் விளங்கியிருந்தது.

மறுநாள் காலை செய்னம்பு பெருநாளைக்கு உடுக்கிற சாரியை உடுத்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றாள்.

"ராத்தா, கந்தோருக்குப் போவம், வாங்க."

"என்னத்துக்கு?"

"கோழிக்குக் காது கேக்குதில்ல."

நாங்கள் போனபோது ஜன்னலுக்கு முன்னால் வரிசை நின்றது. செய்னம்புவைக் கண்டதும் றஸாக் எழும்பினார், கதிரை பின்னால் விழுந்தது. அதை நிமிர்த்தவும் மறந்து நின்றார். செய்னம்பு முக்காட்டை இழுத்து, பக்கவாட்டில் திரும்பி, அடுத்த மேசையைப் பார்த்துக் கதைத்தாள்.

"தம்பி, அந்த மருமகனிட்டச் செல்லுங்க, எங்கட ஒழுங்கையில தண்ணி நிக்கிது என்டு."

நல்லரெத்தினம் பேனையை மூடி வைத்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. "றஸாக் தம்பி, உங்கட மாமி சொல்றா, ஒழுங்கையில தண்ணி நிக்குதாம்."

"எனக்குத் தெரியும் என்டு செல்லுங்க ஐயா."

"மாமி, அவருக்குத் தெரியுமாம்."

"தெரிஞ்சா என்னத்துக்குப் பச்சை என்டு கேளுங்க."

"தம்பி, தெரிஞ்சா என்னத்துக்காம் பச்சை?"

"முறைப்பாடு வரல்ல."

"வரல்லயாம் மாமி."

"இந்தா வந்திருக்கி என்டு செல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தார்கள். றஸாக் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்தார்.

"ஐயா, முறைப்பாட்ட ஆளே நேர செல்லோணும். இன்னொராள் செல்லி எடுக்கேலா. மிஸ் அப்படித்தான் சட்டம் போட்ட."

அவர் கேட்பது என்னவென்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். நல்லரெத்தினமே இதை மொழிபெயர்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. திரும்பிப் போவோம் என்று செய்னம்புவின் முழங்கையைப் பிடித்தேன். அவள் கையை எடுத்துவிட்டாள். திரும்பினாள். மருமகனின் முகத்தை நேரே பார்த்தாள்.

"மருமகன்," என்றாள். "எங்கட ஒழுங்கையில முழங்கால் தண்ணி. உம்முட கலியாணம் நிக்கிது. எங்களுக்குக் கான் வேணும்."

"ஓம் மாமி," என்றார் றஸாக்.

அவர் அவளுக்கு நேரே சொன்ன முதல் வார்த்தையும் அதுதான். பிறகு போய் ஒரு சிவப்பு வட்டத்தை எடுத்து ஒட்டினார். அவசரத்தில் அது சரிந்து, பச்சையின் ஓரம் பிறை மாதிரி வெளியே தெரிந்தது. செய்னம்பு பார்த்துக்கொண்டு நின்றாள். மடியிலிருந்து ஒரு பார்சலை எடுத்து ஜன்னலுக்குள்ளால் நீட்டினாள்.

"காலையில தின்னாம வந்தீங்க. பிட்டு."

செய்னம்பு போனாள் என்றதும் ஒழுங்கையில் மற்றவர்களின் வாயும் திறந்தது. தங்கச்சி போனாள், தங்கச்சியின் மகள் போனாள், நானும் ஒரு தெருவிளக்குக்காகப் போனேன். செய்தி அடுத்த ஒழுங்கைகளுக்கும் பரவியது. லைட் போடுகிறவரின் மாமி வந்தார். டிரெக்டர் ஓட்டுகிற ஆதம்பாவாவின் மாமி, பேரப்பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து, தன் வாசலில் ஒரு நாளும் டிரெக்டர் நிற்கவில்லை, மருமகன் வெட்கத்தில் வேகமாக ஓட்டிப் போய்விடுகிறார் என்று சொன்னார். அடுத்த மாதப் பலகையைப் பார்த்தால் சிவப்புச் செவ்வரத்தை பூத்த மாதிரி இருந்தது.

நல்லரெத்தினம் அதன் முன்னால் நின்று சொன்னாராம், "இஞ்ச பாருங்க தம்பி. இவ்வளவு நாளும் பச்சை கிடந்த இடமெல்லாம் இந்தக் கந்தோர் ஆக்கள் மருமகனா இருக்கிற இடம். சிவப்பு கிடந்த இடமெல்லாம் இவங்க மகனாப் பிறந்த இடம். நாங்க ஊர் முன்னேறுற கணக்குப் பார்க்கல்ல. ஆர் எங்க கலியாணம் முடிச்ச என்டுதான் ஒட்டி வெச்சிருக்கம்."

தவிசாளருக்குப் பகிடி பிடிக்கவில்லை. கஜேந்தினி மிஸ் கேடயத்துக்குப் பலகை பார்க்க வரப் போகிறார். றஸாக்கைக் கூப்பிட்டு, மிஸ் வர முதல் பழையபடி பச்சையை ஒட்டிவிடு என்றார்.

"சேர், ஒட்ட எனக்கு ஒண்டும் இல்ல," என்றார் றஸாக். "ஆனா மாமி நேர கதைச்சிட்டா. இனி அதுக்கு மேல நான் எப்படிப் பச்சைய ஒட்டுற?"

"திரும்பிக் குப்பை அள்ளப் போறியா?"

"அனுப்பினாப் போறன் சேர்."

அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவருடைய முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அப்போது அவருக்கு நிரந்தர நியமனம்கூட இல்லை. றுகையா நடுத்துண்டு மீனை எடுத்து வைத்தாள்.

மிஸ் வந்தார். வழியில் செக்பொயின்டில் இறக்கிச் சோதித்துச் சோதித்து விட்டதால் களைத்துப் போய் வந்தார். நேரே பலகைக்கு முன்னால் போனார்.

"றஸாக் நானா, போன முறை வந்தப்போ முழுக்கப் பச்சை. என்ன நடந்த?"

"ஒண்டும் நடக்கல்ல மிஸ். இப்பதான் ஆக்கள் கதைக்கத் தொடங்கின."

பிறகு முழுக் கதையையும் சொன்னார், கோழியையும் விடாமல். மிஸ் ஒரு கதிரையில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்கட பக்கத்திலயும் மருமகனுக்கு முன்னால வாய் திறக்க மாட்டாங்க. எனக்கு இது மண்டையில ஓடல்லயே," என்றார். கேடயம் வேறு சபைக்குப் போயிற்று. தவிசாளர் ஒரு மாதம் றஸாக்கோடு கதைக்கவில்லை, ஆனால் குப்பைக்கும் அனுப்பவில்லை. சிவப்புக் கிடந்த இடத்துக்குத்தான் முதலில் கான் என்று மிஸ் எழுதி வைத்துவிட்டுப் போனார். முறைப்பாட்டு ஜன்னலுக்கு நல்லரெத்தினத்தை மாற்றினார்கள். அந்தக் கந்தோரில் எங்கள் ஊருக்கு மருமகனாகவும் இல்லாமல் மகனாகவும் இல்லாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் ஒழுங்கையில் கான் வெட்டத் தொடங்கிய நாட்களில்தான் யுத்தம் முடிந்தது என்று றேடியோவில் சொன்னார்கள். சந்தியில் பட்டாசு வெடித்தது. நல்லரெத்தினம் கந்தோருக்கு வரவில்லை. அவருடைய அக்காவின் குடும்பம் வன்னியில் அகப்பட்டிருந்தது. றஸாக் தினமும் பின்னேரம் சைக்கிளில் காரைதீவுக்குப் போய் அவருடைய வாசலில் இருந்துவிட்டு வருவார். என்ன கதைத்தீர்கள் என்று றுகையா கேட்டால், ஒன்றும் கதைக்கவில்லை என்பார். அக்காவும் ஒரு பேத்தியும் வவுனியாவில் முகாமில் இருக்கிறார்கள், மற்றவர்கள் இல்லை என்று பிறகு செய்தி வந்தது. நல்லரெத்தினம் ஜன்னலுக்குத் திரும்பி வந்தார். பகிடி திரும்பி வரக் கொஞ்ச நாள் எடுத்தது.

அடுத்த மாரிக்குச் சொன்னபடியே சம்மாந்துறை வேன் வந்தது. முதல் நாள் முழுக்க மழை. பொடியனின் உம்மா இறங்கினார். இரண்டு காலும் மண்ணில் நின்றன. கானுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, தண்ணீர் ஓடுவதைப் பார்த்தார். வயல்காரி அல்லவா, ஒரு ஈர்க்கை எடுத்துப் போட்டு அது எந்தப் பக்கம் போகிறது என்றும் பார்த்தார்.

"ஓடுது," என்றார். "இனி நாள் பார்ப்பம் மச்சி."

உம்முவின் கலியாணம் தை மாதம் நடந்தது. றஸாக்தான் பந்தலுக்கு முன்னால் நின்று ஆட்களை வரவேற்றார். கான் போய் முடிகிற இடத்தில் இருக்கிற ஒழுங்கைக்காரர்கள், உங்கட தண்ணி எங்கட வாசலுக்கு வருது என்று கலியாணத்துக்கு வந்த இடத்திலேயே அவரைப் பிடித்துக்கொண்டார்கள். சாப்பிட்டு முடித்து நாளைக்கு நல்லரெத்தினம் ஐயாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்றார். போய்ச் சொன்னார்கள். ஐயா அவர்களுக்குச் சிவப்பு ஒட்டினார். அதற்கடுத்த வருசம் கான் இன்னும் நீண்டது. அப்படித்தான் அந்த ஊரில் கான் நீண்டுகொண்டு போனது, ஒவ்வொரு மாரிக்கும் யாராவது ஒருவர் கோபித்துக்கொள்ள.

செய்னம்பு அதற்குப் பிறகு றஸாக்கோடு நேராகவே கதைத்தாள். கறிக்கு உப்புக் கூடவா என்று கேட்பாள், வெற்றிலை வாங்கி வரச் சொல்வாள், சில நேரம் ஏசுவாள். சம்மாந்துறை மருமகனோடு மட்டும் கதைக்க மாட்டாள். அவருக்குச் சொல்ல வேண்டியதை றஸாக்கிடம் சொல்லி அனுப்புவாள். இரண்டு வருசத்துக்கு முன் அவள் மவுத்தாகி, வடக்குப் பள்ளி மையவாடியில் அடக்கினோம்.

றஸாக்குக்கு நியமனம் கிடைத்துப் பல வருசமாகிறது. இப்போது அவர் பொத்துவில் பக்கம், தான் மகனாகவும் மருமகனாகவும் இல்லாத ஒரு ஊரின் சபையில் வேலை செய்கிறார். அங்கே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். வெள்ளிக்கிழமை பின்னேர பஸ்ஸில் றுகையாவின் வீட்டுக்கு வந்து, ஞாயிறு பின்னேரம் திரும்பிப் போகிறார்.